கரட்டுமேட்டு வாயசைப்பு விவகாரம்

பாட வருகிறவர்களைச் சந்தேகப்படுவதற்கென்றே ஒரு பேரவை நடக்கிறது என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் வாயையே திறந்திருக்க மாட்டேன். யாரும் சொல்லவில்லை. 'சேர்ந்திசைப் பேரவை' என்று பெயர்ப்பலகை வைத்திருந்தார்கள். சேர்ந்து இசைக்க விடுவார்கள்போல என்று நம்பிப் போய்விட்டோம். பெயர்ப்பலகையை நம்பிக் கெட்டவர்களில் நானும் ஒருத்தி.

என் பெயர் மஞ்சுளா. திருச்செங்கோட்டுப் பக்கம் கரட்டுமேட்டில் விசைத்தறி ஓட்டுகிறேன். தறிப்பட்டறைக்குள் வந்து பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. கத்தினாலும் கேட்காது. உதட்டை அசைத்தால் போதும், எதிர்த்தறிக்காரி படித்துக்கொள்வாள். இழை அறுந்தது, ஓனர் வருகிறார், மத்தியானம் என்ன குழம்பு, மருமகள் பேசினாளா, எல்லாம் உதட்டிலேயே நடந்து முடியும். பழக்கம் முற்றிப்போய் வெளியே வந்தாலும் எங்களுக்குக் குரல் வராது. கல்யாண வீட்டுப் பந்தியில் என் மாமியாரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே அவரைப் பற்றி விலாவாரியாகப் பேசியிருக்கிறோம். அவர் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்.

பாட்டு ஆரம்பித்தது கரண்ட் போனதால்தான். ஒரு கோடையில் தினமும் பிற்பகலில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். தறி நின்றதும் பட்டறை எழவு விழுந்த வீடு மாதிரி ஆகிவிடும். ஒருநாள் எங்களுக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுக்கிற ஷஹர்பானு புழுக்கம் தாங்காமல் ஏதோ பாட்டை இழுத்தாள். நான் சேர்ந்துகொண்டேன். இன்னொருத்தி சேர்ந்தாள். பாப்பாயக்கா எழுந்து வந்து என் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அவரும் சேர்ந்தார்.

பாப்பாயக்காவுக்குக் காது போய்விட்டது. சின்ன வயதிலிருந்து தறியோடு கிடந்ததில் வலது காது முழுசாக, இடது காது முக்கால்வாசி. ஆனால் முதுகில் கை வைத்தால் நான் எந்த இடத்தில் தொடங்குகிறேன், எவ்வளவு உயரத்தில் போகிறேன் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். குரல் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். அதனால் யார் குடியும் மூழ்கவில்லை.

மொத்தம் பன்னிரண்டு பேர் ஆனோம். மற்றவர்கள் என்னைத் தலைவி என்றார்கள். தலைவி என்றால் என்ன வேலை? ஒருத்தி பால் ஊற்றிவிட்டுத்தான் வருவாள். ஓரகத்திகள் இருவர் பக்கத்துப் பக்கத்தில் நிற்க மாட்டார்கள். ஷஹர்பானு நோன்புக் கஞ்சி நேரத்தில் எல்லாப் பாட்டையும் இரட்டை வேகத்தில் முடித்துவிடுவாள். நான் உயரத்தில் தொடங்கினால் பாதி பேர் வழியிலேயே நின்றுவிடுவார்கள். தலைவலி. ஆனாலும் வாரத்தில் ஒருமுறை, எப்போது என்று சொல்ல முடியாது, பன்னிரண்டு தொண்டையும் ஒன்றாகிற ஒரு நொடி வரும். எது என் குரல், எது அவள் குரல் என்று தெரியாது. உடம்பெல்லாம் சிலிர்க்கும். அந்தச் சந்தோஷத்தை எனக்குப் புருஷனும் தரவில்லை, பிள்ளைகளும் தரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

மழைக்காலம் வந்து கரண்ட் ஒழுங்கானது. தறிகள் நிற்காததால் பட்டறையில் பாட இடம் இல்லாமல் போனது. ஊர்ச் சமுதாயக் கூடத்தைக் கேட்டோம். பேரவை அங்கீகாரம் பெற்ற குழுவுக்குத்தான் சாவி என்றார்கள். சேலத்தில் ஒரு ஜவ்வரிசி மண்டிக்கு மேல்மாடியில் பேரவை இருந்தது. போனோம். அங்கீகாரம் கிடைத்தது. கூடவே தலைவர் சிவபிரகாஷ் ஆற்றிய வரவேற்புரையும் கிடைத்தது.

"சேர்ந்திசையில் தனிக்குரல் கேட்கவே கூடாது" என்றார் அவர். "கேட்டால் அது ஆணவம். அதே சமயம் ஒவ்வொரு குரலும் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் அது மோசடி. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் கலை."

"நீங்க நல்லாப் பாடுவீங்களாட்ட இருக்குதுங்க" என்றாள் ஷஹர்பானு மரியாதைக்கு.

"நான் பாடுவதில்லை. பாடினால் பாரபட்சம் வந்துவிடும்."

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டிவைத்தேன்.

அடுத்த மாதமே கண்காணிப்பாளர் ரமேஷ்குமார் எங்கள் ஒத்திகையைப் பார்க்க வந்துவிட்டார். கூடத்துக்குள் நுழைந்தவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எங்கள் வாய்களையே பார்த்தார். நாங்கள் பாட்டுக்கு வரிசை கட்டிக்கொண்டே, பழக்கதோஷத்தில், அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம். மீசைக்கு அடித்த மை கன்னத்தில் ஒழுகியிருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க நாங்கள் என்ன முனிவர்களா?

அவர் திடுக்கிட்டு எழுந்தார். "வாயசைப்பு! பன்னெண்டு வாயும் அசையுது, ஒரு சத்தமும் வரலையே!"

"ஏனுங்க, நாங்க இன்னும் பாடவே ஆரம்பிக்கலீங்க" என்றேன். "பேசிட்டிருந்தோமுங்க."

"பேச்சுன்னா சத்தம் வரணுமில்ல?"

"எங்களுக்கு வராதுங்க. தறிக்காரங்க இப்படித்தான் பேசுவோம்."

"சரி, என்ன பேசுனீங்க? சொல்லுங்க."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யார் சொல்லுவது? பாப்பாயக்கா மட்டும் அவர் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வரவில்லை என்றதும் ரமேஷ்குமாருக்குக் குற்றம் நிரூபணமாகிவிட்டது.

அன்று சாயங்காலமே தலைவரின் குரல்பதிவு எங்கள் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. "நம்பத்தகுந்த கணிப்பின்படி ஒவ்வொரு குழுவிலும் பாடாமல் வாயை மட்டும் அசைக்கும் நபர் ஒருவராவது ஒளிந்திருக்கிறார். கரட்டுமேட்டில் அதற்குக் கண்ணால் கண்ட சாட்சியே இருக்கிறது. அந்த நபரைத் தலைவி கண்டுபிடித்து நீக்க வேண்டும். அப்படி யாரும் இல்லை என்று தலைவி சொன்னால், அவரே அந்த நபர் என்று கருதப்படும்."

இதை ஷஹர்பானு உதட்டசைவில் பாப்பாயக்காவுக்குச் சொன்னாள். பாப்பாயக்கா, "இவன் என்ன கிறுக்கனா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு நாங்கள் விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் என்ன பாட்டு? பாடும்போது எல்லாரும் பக்கத்து வாயை ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார்கள். ஓரகத்திகள் இருவரும் முதல்முறையாகப் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள், ஒருத்தி வாயில் ஒருத்தி காதை வைக்க வசதியாக இருக்கும் என்று. தன் மேல் பழி வந்துவிடக் கூடாதென்று ஒவ்வொருத்தியும் தொண்டை கிழியக் கத்தினாள். பக்கத்தில் மாவு மில் வைத்திருந்தவர் வந்து, "என்னங்க, யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று விசாரித்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஷஹர்பானு பின்னால் போனைப் பதிவில் போட்டு ஒளித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால் அதில் ஷஹர்பானு பாடுவது தெளிவாகக் கேட்டது. என் குரல்தான் கேட்கவில்லை. அன்றிலிருந்து என்னையே எனக்குச் சந்தேகம்.

ரமேஷ்குமார் மறுபடி வந்தார். இந்தமுறை சட்டையில் பச்சை வில்லை குத்தியிருந்தார். 'செவிப் பொறுப்பாளர்' என்று அதில் இருந்தது.

"இப்ப குரல் அமோகமா வருது" என்றார். "ஆனா சுருதி சேரலையே? யாரோ பிசகுறாங்க. எல்லாரும் ஒரு கை தூரம் தள்ளி நில்லுங்க, தனித்தனியாக் கேட்டாத்தான் யாருன்னு தெரியும்."

தள்ளி நின்றோம். பாப்பாயக்கா மட்டும் கையை நீட்டி என் முதுகைத் தொட்டுக்கொண்டார்.

"அந்தம்மா என்ன பண்றாங்க?"

"அவங்களுக்குக் காது கேக்காதுங்க. முதுகுல கை வெச்சுத்தான் பாட்டப் புடிச்சுக்குவாங்க."

ரமேஷ்குமார் கொஞ்சம் யோசித்தார். "விதிப்படி பக்கவாத்தியம் கூடாது."

"முதுகுதானுங்களே?"

"வெளியில இருந்து உதவி வந்தா அது வாத்தியம்தாம்மா."

அப்புறம் ரமேஷ்குமார் பாப்பாயக்காவின் வாயருகே தன் காதை வைத்து ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு என்னைத் தனியாக வாசலுக்குக் கூட்டிப் போனார். முகத்தில் பெரிய கருணை.

"நாமக்கல்ல மாபெரும் சேர்ந்திசை விழா வருது. எல்லாக் குழுவும் ஒரே மேடையில. தலைவரே எழுதின பாட்டு. பிசகுற குரல் இருக்கிற குழுவுக்கு அங்கீகாரம் போயிரும். அதனால உங்க நன்மைக்குச் சொல்றேன். அன்னிக்கு அந்தம்மாவை வாயை மட்டும் அசைக்கச் சொல்லிருங்க."

"ஏனுங்க, அதுதானுங்களே குத்தம்?"

"அவங்களா அசைச்சாக் குத்தம். நாங்க சொல்லி அசைச்சா ஒழுங்கு." பைக்கை உதைத்துக்கொண்டே சொன்னார்: "இல்லாட்டி வரிசையில இருந்து எடுத்துருங்க. ரெண்டுல ஒண்ணு."

பாப்பாயக்காவிடம் இதை எப்படிச் சொல்வது? மறுநாள் தறி ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் எதிரில் போய் நின்றேன். நான் உதட்டைத் திறப்பதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார். விழாவுக்கு அரக்குக் கலர்ப் புடவை எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். மகள் வீட்டிலிருந்து எல்லாரும் பார்க்க வருகிறார்களாம்.

"எனக்கு எல்லாம் ஊமப்படம் மாதிரி ஆயிருச்சு அம்மிணி" என்றார். "பேரன் அழுகுறது தெரியல, குக்கர் கத்துறது தெரியல. இருக்கனா செத்தனான்னே சிலநாள் தெரியல. உங்ககூட பாடுறப்ப மட்டும் நெஞ்சுக்குள்ள கிர்ருங்குது. அப்பத்தான் தெரியுது, இருக்கேன்னு. நீ என்னமோ சொல்ல வந்தியே?"

"நாமக்கல்ல வெயில் சாஸ்திங்கக்கா" என்றேன். "குடை எடுத்துக்கோங்க."

நாமக்கல்லில் ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் விழா. மேடை முழுக்கப் படிக்கட்டு போல் பலகை அடித்திருந்தார்கள். அறுநூறு பாடகர்கள் இருக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் பச்சை வில்லை குத்திய செவிப் பொறுப்பாளர் ஒருவர் நின்றார். மண்டபத்தின் பின்புறம் எங்களுக்கு லெமன் சாதம் கொடுத்தார்கள். அங்கேதான் எனக்கு விஷயம் உறைக்க ஆரம்பித்தது.

பரமத்தி வேலூர்க் குழுத் தலைவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நாங்க ரிஸ்க்கே எடுக்கலீங்க. பிசகுனாத்தான தப்பு? வாயை மட்டும் ஆட்டிட்டு எறங்கிருவோம். இத்தன பேரு பாடுறப்ப நம்ம சத்தத்த யாரு தேடப் போறா?"

பனமரத்துப்பட்டிக் குழுவில் ஒரு வாத்தியார் இருந்தார். "எங்க ஆளுங்ககிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். மத்தவங்க பாடுவாங்க" என்றார்.

அயோத்தியாப்பட்டணத்துக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். அவர்களுக்கும் அதே திட்டம்.

எல்லாரும் மற்றவர்கள் பாடுவார்கள் என்றால் அந்த மற்றவர்கள் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள்? யாரையும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்டால் நீங்கள் பாடுங்களேன் என்று சொல்லிவிடுவார்கள். நானும் எங்கள் ஆட்களைக் கூட்டி, முதல் அடிக்கு வாயை மட்டும் அசைப்போம், கூட்டம் பாடும் சத்தத்தைப் பார்த்துக்கொண்டு அப்புறம் சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். பாப்பாயக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. அத்தனை பெரிய சத்தத்தில் அவர் குரல் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன என்று கணக்குப் போட்டிருந்தேன்.

மேடையேறினோம். கை தூரத்துக்கு ஒருவர். பாப்பாயக்கா எனக்குப் பின்வரிசையில், எட்டாத இடத்தில். தலைவர் சிவபிரகாஷ் முன்னால் வந்து நின்று கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினார். அவர் எழுதிய பாட்டு இதுதான்:

குரல் கொடுப்போம், குரல் கொடுப்போம்,
கூடி நின்று குரல் கொடுப்போம்!

கை இறங்கியது. அறுநூறு வாயும் திறந்தன.

மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. வாய்கள் மட்டும் 'குரல் கொடுப்போம்' என்று மும்முரமாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஒரு வாய்கூட முந்தவில்லை, ஒரு வாய்கூடப் பிந்தவில்லை. தலைவர் முகத்தில் பரவசம். செவிப் பொறுப்பாளர்கள் பிசகு எங்கேயும் இல்லை என்று ஒருவருக்கொருவர் கட்டைவிரலைக் காட்டிக்கொண்டார்கள். முன்வரிசை விருந்தினர்கள் தலையாட்டினார்கள். ஷஹர்பானு என் பக்கம் திரும்பி உதட்டை அசைத்தாள்: "யா அல்லா, ஒருத்தரும் பாடல!"

அப்போது பாப்பாயக்கா பாட ஆரம்பித்தார்.

கணீரென்று, மண்டபம் முழுக்கக் கேட்டது. கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது. தலைவர் கண்ணைத் திறந்துவிட்டார். செவிப் பொறுப்பாளர்கள் பதறிப்போய் வரிசைகளுக்குள் புகுந்தார்கள். ஆனால் எல்லா வாயும் அசைகிறதே, எந்த வாயிலிருந்து சத்தம் வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மாதக்கணக்கில் பாடாத வாயைத் தேடிப் பழகியவர்களுக்குப் பாடுகிற வாயைத் தேடத் தெரியவில்லை. ரமேஷ்குமார் ஒவ்வொரு வாயிலும் காதை வைத்துக் குனிந்து குனிந்து வந்தார். பனமரத்துப்பட்டி வரிசை முடிந்தது. பரமத்தி வேலூர் வரிசை முடிந்தது. எங்கள் வரிசைக்கு வந்துகொண்டிருந்தார்.

இன்னும் நான்கைந்து பேர் தாண்டினால் பாப்பாயக்கா. மகள் குடும்பம் கீழே உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் கண்முன்னால் கையைப் பிடித்து இறக்கிவிடுவார்கள். அங்கீகாரம், சாவி, கூடம் எல்லாம் மண்டைக்குள் ஓடியது. அப்புறம் சீ போ என்று ஆகிவிட்டது. ஒரு கூடத்துக்காக இந்த மனுஷியை விட்டுக்கொடுத்தால் நான் அப்புறம் எந்தக் கூடத்தில் நின்று எதைப் பாடுவது? இரண்டு எட்டுப் பின்னால் போனேன். அவர் கை நீட்டாமலே என் முதுகு அவர் கைக்குப் பட்டது. பாடினேன். ஷஹர்பானு ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. ஓரகத்திகள் இருவரும் சேர்ந்தார்கள். பன்னிரண்டு பேரும் தலைவர் எழுதிய அந்த மட்டமான பாட்டை அடிவயிற்றிலிருந்து பாடினோம். பக்கத்திலிருந்தவர்கள் வாயை அசைத்துக்கொண்டே எங்களை விட்டு இன்னும் ஒரு கை தூரம் நகர்ந்து நின்றார்கள்.

பாட்டு முடிந்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. தலைவர் ஒலிபெருக்கிக்கு வந்தார்.

"இன்று ஒரு வரலாறு படைத்தோம்" என்றார். "இத்தனை பேர் ஒரு பிசிறு இல்லாமல், ஓர் அபசுரம் இல்லாமல், ஒரே மனதாக நிற்பது எளிதல்ல. கேட்ட எனக்கே மெய்சிலிர்த்தது. ஒரே ஒரு மூலையிலிருந்து மட்டும் கொஞ்சம் பாட்டுச் சத்தம் வந்தது. வருத்தப்படுகிறேன். அது விசாரிக்கப்படும்."

விசாரணை படிக்கட்டு இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. ரமேஷ்குமார் வழியை மறித்து நின்றார்.

"உங்க அங்கீகாரம் ரத்து. கூடத்துச் சாவியை ஒப்படைச்சிருங்க."

"என்ன குத்தம் பண்ணுனோமுங்க?"

"சேர்ந்திசையில தனிக்குரல் எழுப்பியிருக்கீங்க."

"பன்னெண்டு பேரு சேந்துதானுங்களே பாடினோம்?"

"அறுநூறு பேர்ல பன்னெண்டு பேர் தனிதாம்மா" என்றார் பொறுமையாக. "நல்ல வேளை, மத்த யாருக்கும் தொத்தல."

திரும்பும் பஸ்ஸில் பாப்பாயக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் வாங்கிக் கொடுத்த மல்லிகையைப் பாதி கிள்ளி எனக்குக் கொடுத்தார். முகம் அப்படிப் பூரித்திருந்தது. இந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டுமா என்று இருந்தது. ஆனாலும் எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, முதல்ல அங்க ஒருத்தரும் பாடல. உங்களுக்கு அது தெரியாதுங்களா?"

"தெரியாம என்ன?" என்றார் பாப்பாயக்கா. "பாடுற வாயி வேற, ஆடுற வாயி வேற. பாடுனாக் கழுத்து நரம்பு பொடைக்கும். என்ற கண்ணுக்கு எட்டுன வரைக்கும் ஒரு நரம்பும் பொடைக்கல. முன்னால நின்ன உன்ற கழுத்தையும் பாத்தேன்."

"தெரிஞ்சேவா பாடுனீங்க?"

"பாடத்தான கூப்புட்டாங்க?" பூவைத் தலையில் வைத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ எதுக்கு அம்மிணி வந்தே?"

என் உதட்டை அவர் படித்துவிடக் கூடாதென்று திருச்செங்கோடு வரும்வரை சன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.